கழுத்தில் நெறி கட்டினால்: சீன மருந்துக்கடைப் பொட்டலத்தைத் தொடரலாமா?

வாசகர் கேள்வி பதில்
(பதில் எழுதுபவர் மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்ட மருந்தகங்களில் 33 ஆண்டுகள் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) வேலை செய்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 16 வயது. நான்காம் படிவத்தில் படிக்கிறாள். இரண்டு மாதமாகக் கழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று நெறிக்கட்டிகள் வரிசையாக இருக்கின்றன. வலி இல்லை. கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு மாத்திரை தந்தார்கள், குறையவில்லை. ஊசியால் நீர் எடுத்துப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று என் மாமியார் தடுக்கிறார். கடைத்தெருவில் உள்ள சீன மருந்துக்கடைக்காரர் வேரும் சிப்பியும் கலந்த கஷாய மருந்தைப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார். ஒரு பொட்டலம் 18 வெள்ளி (ரிங்கிட்). பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதில்தான் கட்டி கரைந்தது. நானும் ஆறு பொட்டலம் கொடுத்துவிட்டேன். தொடரலாமா? நீங்கள் பார்ப்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வைத்து அனுப்புகிறேன்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கையே, நீங்கள் அனுப்பிய துண்டுகளை நாளிதழ் மீது பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கறுப்பு வேர் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெள்ளைத் துண்டு பிறை வடிவில் இருக்கிறது. தேய்த்தால் மாவாக உதிர்கிறது. சாம்பல் நிறச் சில்லு கடல் சிப்பி. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. கூடவே காய்ந்த பழுப்பு நிறப் பூக்கதிர் ஒன்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை எல்லாம் சரியான சரக்கு. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், அடுத்து நான் சொல்லப்போவதை அவர் மீதான புகாராக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான்.

ஆறு பொட்டலத்தோடு நிறுத்துங்கள். ஏழாவதுக்கு வைத்திருக்கும் 18 வெள்ளியைப் பஸ் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் தந்த கடிதம் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகளை அழைத்துப் போங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது, வலி இல்லை, மாத்திரைக்கு அடங்கவில்லை, ஒன்றுக்கு மூன்றாக வரிசையில் நிற்கிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்த பிறகு ஒரு நாளும் தள்ளிப்போட எனக்கு மனம் வராது.

நீங்கள் கொடுத்த மருந்தைச் சீனத்தில் ‘சியாவ் லுவோ வான்’ என்பார்கள். கழுத்துக் கட்டியைக் கரைக்கும் உருண்டை என்று பொருள். செங் குவோபெங் என்ற மருத்துவர் 1732இல் எழுதிவைத்த முறை அது. கறுப்பு வேரின் பெயர் ஷுவான் ஷென். பிறைத் துண்டு பெய் மு என்னும் கிழங்கு. சிப்பி, மு லி. மூன்றும் சம எடை. வேரையும் கிழங்கையும் ஆவியில் வேகவைத்து, சிப்பியைச் சுட்டுக் காடி சேர்த்து அரைத்து, எல்லாவற்றையும் பொடியாக்கித் தேனில் உருட்டி, நாளுக்கு இருவேளை வெந்நீரில் கொடுக்கச் சொன்னார். நம் பக்கத்துக் கடைகளில் உருட்டுவதற்குப் பதிலாகக் கஷாயத்துக்குக் கட்டித் தருகிறார்கள். பழுப்புக் கதிர் செங்கின் முறையில் இல்லாதது. ஷியா கு சாவ் என்று பெயர். ‘கோடையில் வாடும் புல்’ என்று பொருள். உடல் சூடு தணியச் சீனர்கள் காய்ச்சிக் குடிக்கும் பானத்திலும் அதுதான் சேரும்.

இந்தப் பெயர்களை எனக்குச் சொல்லித் தந்தவர், நான் வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் இருந்த ஒரு வயதான சின்சே, அதாவது சீன வைத்தியர். சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் அவரிடம் போவார்கள்; அவர் கை வைக்கத் தயங்கும் ஆட்களை என்னிடம் அனுப்பிவைப்பார். சளியும் சூடும் சேர்ந்து இறுகினால் கழுத்தில் கட்டி வரும் என்பது அவருடைய வைத்தியம். வேர் சூட்டைத் தணிக்கும், கிழங்கு சளியை அறுக்கும், கரிப்புச் சுவையுள்ள சிப்பி இறுகியதை இளக்கும் என்பார். ‘எங்கள் பெண்கள் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டு எடுத்ததுதான்’ என்று ஒருநாள் நான் சொன்னபோது, மேசையைச் சுற்றி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கழுத்துக் கட்டியைச் சீனர்கள் ‘லுவோ லி’ என்கிறார்கள். சிறியது லுவோ, பெரியது லி. நம் சித்த வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றி மணி கோத்தாற்போல் வருவதால் மாலை. ‘வரிசையாக மூன்று’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

பழைய வைத்தியர்கள் கட்டியைத் தொட்டுப் பார்த்துச் சரியாகவே விவரித்தார்கள். அதற்குள்ளே இருப்பதைக் காண அவர்களிடம் கருவி இல்லை. செங் எழுதியதற்கு 150 ஆண்டுகள் கழித்து, 1882 மார்ச் 24 அன்று, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்தார். சீனர்கள் லுவோ லி என்றும் நாம் கண்டமாலை என்றும் சொல்லி வந்ததில் பெரும்பகுதி அந்தக் கிருமியின் வேலை. நுரையீரலை விட்டு வேறு இடத்தில் வரும் காசநோயில் நம் நாட்டில் அதிகம் காண்பது நெறி கட்டும் இடமான நிணநீர்க் கணுவில் வரும் இந்தக் காசநோயைத்தான். மகளின் கையில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 1961 முதல் இங்கே அந்த ஊசி போடப்படுகிறது. கைக்குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதில் அது கெட்டி. வளர்ந்த பிறகு நோயே வராது என்பதற்கு அது உறுதி தராது.

உங்கள் மகளுக்கு இருப்பது காசநோய்தான் என்று நான் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லவும் முடியாது. வெறும் தொற்றின் மிச்சமாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். அந்த வயதிலும் அது வரும். தைராய்டு சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வெளியே தடவிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கட்டி. ஊசி வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கரைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. தொண்டைப் புண்ணாலும் பல் சொத்தையாலும் பிள்ளைகளுக்குக் கட்டும் நெறி, சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும். அந்த வாரங்களில் என்ன குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கஷாயம் குடித்தால் கஷாயத்துக்கு, பற்றுப் போட்டால் பற்றுக்கு.

உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் வீட்டிலும் நடந்தது. 1966இல் என் அக்காவுக்கு 14 வயது. இப்படித்தான் கழுத்தில் வந்தது. சில மாதங்களில் அதில் ஒன்று பெரிதாகி, மெத்தென்று ஆகி, தோல் நீலம் பாய்ந்தது. தொட்டால் சூடே இருக்காது. சூடில்லாத சீழ்க்கட்டி காசநோயின் அடையாளம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. லயத்தில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர், பழுத்துவிட்டது என்று சொல்லிச் சவர பிளேடால் கீறிவிட்டார். அந்த வாய் மூடவே இல்லை. மாதக்கணக்கில் கசிந்தது. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போகுமுன் துணியை மாற்றுவாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து திரும்ப மாற்றுவாள். பக்கத்தில் இன்னொரு கட்டி உடைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து வைத்தியம் ஒன்றரை ஆண்டு நீண்டது. தொடக்கத்தில் தினமும் ஊசி, பிறகு கை நிறைய மாத்திரை. பிழைத்தாள், நன்றாகவே வாழ்ந்தாள். ஆனால் கழுத்தில், துணியைச் சுருக்கித் தைத்தது போல ஒரு வடு நின்றுவிட்டது. அவளுடைய கல்யாணப் புகைப்படத்தில் மாலையைத் தாடைவரை ஏற்றிப் போட்டிருப்பாள்.

கீறுவது வேறு, இப்போது செய்யப்போகும் ஊசிப் பரிசோதனை வேறு. இதை மாமியாருக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இரத்தம் எடுக்கிற ஊசி அளவுக்கு, சில சமயம் அதைவிடவும் மெல்லியதாக இருக்கும் ஊசி. கட்டிக்குள் விட்டு நாலைந்து முறை அசைத்துக் கொஞ்சம் அணுக்களை உறிஞ்சுவார்கள். கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமிக்குத் தனிச் சோதனையும் செய்வார்கள். சில நிமிட வேலை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இதனால் கட்டி பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. சில சமயம் எடுத்தது போதவில்லை என்று மறுபடி கூப்பிடுவார்கள், அல்லது ஒரு கணுவையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். நோய் முற்றிவிட்டதோ என்று அப்போது கலங்காதீர்கள்.

போகும்போது நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தின் மடிப்பில், பென்சிலால் சிறியதாக, ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது’ என்று எழுதி அடித்திருந்தீர்கள். அடித்த வரியையும் படித்துவிட்டேன், மன்னியுங்கள். கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் பேச்சிலும் இருமலிலும் சாப்பாட்டுத் தட்டிலும் மற்றவர்க்குத் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்பதைத்தான் எக்ஸ்ரே சொல்லும். காசநோய்தான் என்று முடிவானால் மருந்து பெரும்பாலும் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. உங்கள் ஊர் அரசு கிளினிக்கிலேயே, தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டியிருக்கும். மகள் அதை அவமானமாக நினைப்பாள். ஒரு நாளும் விட்டுப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது என்று சொல்லுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் அந்த நிறத்தில் வரலாம். மருந்தின் நிறம்தான், முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளை பயப்படமாட்டாள்.

கஷாயத்துக்கு வருகிறேன். காசநோய் மருந்து தொடங்கினால் அந்தக் காலம் முழுவதும் பொட்டலம் வேண்டாம். அந்த நான்கில் மூன்று மருந்துகள் கல்லீரலுக்குச் சுமை. கூடவே இன்னொன்றைக் குடித்து, கண் மஞ்சளானால், எதனால் ஆனது என்று டாக்டரால் பிரித்தறிய முடியாது. நல்ல மருந்தையும் நிறுத்த வேண்டிவரும். பரிசோதனையில் ஒன்றுமில்லை, தொற்றின் மிச்சம்தான் என்று வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, விருப்பமிருந்தால் குடிக்கட்டும். சீன மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நம் அரசாங்கமே 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவத்துக்கு ஒரு பிரிவைத் திறந்தது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, டாக்டருக்குத் தெரிந்தே செய்வது அங்கே நடைமுறை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொட்டலத்துக்குப் பதிலாகப் பாட்டிலில் அடைத்த உருண்டையோ மாத்திரையோ யாராவது நீட்டினால், எம்.ஏ.எல். என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண்ணும், எட்டு இலக்கங்களுக்குப் பின் டி (T) என்ற எழுத்தும், பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்றுப் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் கழுத்துக் கட்டி மளமளவென்று சுருங்கும். வீடே கொண்டாடும். காசநோயோ உள்ளே வளரும், புற்றோ பரிசோதனைக்குச் சிக்காமல் ஒளிந்துகொள்ளும்.

மருந்துக்கடைக்காரரிடம் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த அந்தச் சின்சேயாக இருந்தால், பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட்டிருப்பார்.

கேள்வி: இதே சிப்பிக் கஷாயத்தை என் அம்மாவுக்குக் கொடுக்கலாமா? 63 வயது. தாடைக்குக் கீழே கல் போல ஒரு கட்டி. 40 ஆண்டுகளாகப் புகையிலையோடு வெற்றிலை போடுபவர்.
- வாசகர், தாப்பா

பதில்: தம்பி, கட்டியை விடுங்கள், அம்மாவின் வாயைத் திறந்து பாருங்கள். டார்ச் விளக்கு வேண்டும். பாக்கை அடக்கி வைக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியிலும் பாருங்கள். மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் முன்போல அகலத் திறக்காமை, இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் நாளைக்கே அரசு பல் மருத்துவமனைக்கோ கிளினிக்கிற்கோ போக வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டிக்காகப் போகத்தான் வேண்டும். நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம் வருவது இந்தியப் பெண்களுக்கு. அதிலும் நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு, இந்த வெற்றிலை புகையிலையால். ரப்பர் மர நிரையில் நின்றபடி பசியை மறக்கப் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். அதனால் ‘அப்போதே சொன்னேனே’ என்று பேசாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கஷாயம் வேண்டாம்.

கேள்வி: நிணநீர்க் கணுக் காசநோய்க்கு மூன்று மாதமாக மருந்து சாப்பிடுகிறேன். முதலில் சிறுத்த கட்டி இப்போது பெரிதாகிவிட்டது. மருந்து பலிக்கவில்லை என்று தோழி ஒருத்தி சீன உருண்டை வாங்கித் தந்திருக்கிறாள்.
- வாசகி, பாகான் செராய்

பதில்: உருண்டையை வாயில் போடாதீர்கள் அம்மா, காசநோய் மருந்தையும் நிறுத்தாதீர்கள். செத்த கிருமிகளின் மிச்சத்தோடு உடம்பு போராடும்போது, வைத்தியத்தின் நடுவில் கட்டி வீங்குவது உண்டு. புதிதாக இன்னொன்று தலைகாட்டுவதும் உண்டு. பலருக்கு அது தானே அடங்கிவிடும். ஆனாலும் அதை நீங்களே முடிவு செய்யக்கூடாது. மருந்துக்கு மசியாத கிருமியாகவும் இருக்கலாம் என்பதால் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குறித்த தேதிவரை காத்திராமல் இப்போதே போங்கள். குமட்டல், பசியின்மை, கண்ணில் மஞ்சள் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்று, வெட்கப்படாமல் கேளுங்கள்: காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு வழியைத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பேத்திக்கு 7 வயது. பின்கழுத்தில், மயிர் தொடங்கும் இடத்தில், பட்டாணி போல இரண்டு உருண்டைகள். கண்டமாலையா?
- பாட்டி, பீடோர்

பதில்: அம்மா, பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியை வகிர்ந்து பாருங்கள். பேன் இருக்கும். சொறிந்த இடம் புண்ணாகி, அதற்குத்தான் நெறி கட்டியிருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் நான் பார்த்த பின்கழுத்து நெறிகளில் முக்கால்வாசி இப்படித்தான். கிளினிக்கில் பேன் மருந்து கேளுங்கள். ஈர் பொரிந்து வரும் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள், உங்கள் தலையையும் சேர்த்து. பழைய வழக்கப்படி மண்ணெண்ணெய் தேய்த்துவிடாதீர்கள். நெருப்புப் பிடித்த பிள்ளைக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பேன் ஒழிந்து ஒரு மாதம் ஆகியும் உருண்டைகள் சிறுக்காவிட்டால், அல்லது பிள்ளை காய்ச்சலோடு இளைத்துக்கொண்டே வந்தால், கிளினிக்கில் காட்டுங்கள்.